ஈறு செல் ஆய்வுக்கு எந்த எல்.பி.எஸ். வாங்கலாம்: சாதாக் குப்பியா, அல்ட்ராப்யூரா?

ஈறுநோய் ஆய்வில் இறங்கும் எம்.டி.எஸ்., பிஎச்.டி. மாணவர்கள் முதலில் ஆர்டர் போடுவது பெரும்பாலும் ஒரே பொருளைத்தான். போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் கிருமியின் வெளிச்சுவரிலிருந்து பிரித்தெடுத்த எல்.பி.எஸ்., அதாவது லிப்போபாலிசாக்கரைடு, அது. இன்விவோஜென் நிறுவனம் இதை இரண்டு தரத்தில் விற்கிறது: எல்.பி.எஸ்.-பி.ஜி. என்ற சாதாத் தரம், அதோடு அல்ட்ராப்யூர் என்ற அடைமொழி சேர்ந்த இன்னொன்று. பெயர் ஏறக்குறைய ஒன்று, உள்ளே இருப்பதும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் ஈறு செல்லின் மேல் போட்டால் இரண்டும் தட்டும் கதவுகள் வேறு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். "ஈறு செல்லின் எந்த ஏற்பி இந்தக் கிருமியை உணர்கிறது?" என்பது உங்கள் கேள்வியானால் அல்ட்ராப்யூர் மட்டுமே வாங்குங்கள். "கிருமிச்சுவர் பட்டதும் செல்லில் அழற்சி கிளம்புகிறதா, என் மருந்து அதைத் தணிக்கிறதா?" என்பதோடு கேள்வி நிற்கிறது என்றால் சாதாத் தரம் தாராளமாகப் போதும், சொல்லப்போனால் அதற்கு அதுவே மேல். எதை வாங்கினாலும் ஆய்வேட்டில் தரத்தின் பெயரை எழுதுங்கள். "பி. ஜிஞ்சிவாலிஸ் எல்.பி.எஸ்., 1 மைக்ரோகிராம்" என்று மட்டும் எழுதிவிட்டால், எந்த ஏற்பியைத் தூண்டினீர்கள் என்று படிப்பவருக்குத் தெரியவே தெரியாது.

குப்பிக்குள் என்ன இருக்கிறது

எல்.பி.எஸ். மூலக்கூறின் அடிப்பகுதிக்கு லிப்பிட் ஏ என்று பெயர். கிருமியின் சவ்வுக்குள் ஊன்றி நிற்பதும், நம் செல்லின் டோல் லைக் ஏற்பி 4, அதாவது டி.எல்.ஆர்.4, அடையாளம் காண்பதும் இந்தப் பகுதியைத்தான். குடல் கிருமி ஈ. கோலையின் லிப்பிட் ஏ-வில் ஆறு கொழுப்பு வால்களும் இரண்டு பாஸ்பேட்டுகளும் உண்டு. டி.எல்.ஆர்.4-ஐ ஒட்டியிருக்கும் எம்.டி.-2 என்ற புரதத்தில் ஒரு பை இருக்கிறது. ஐந்து வால்கள் அந்தப் பைக்குள் அடங்கிவிடும். ஆறாவது வெளியே எட்டிப்பார்த்து, பக்கத்து டி.எல்.ஆர்.4-ஐக் கொக்கி போட்டு இழுத்துக்கொள்ளும். இரண்டு ஏற்பிகள் அப்படிச் சேர்ந்தால்தான் உள்ளே மணி அடிக்கும். 2009-இல் வெளியான படிக அமைப்பு இதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டிவிட்டது.

பி. ஜிஞ்சிவாலிஸின் லிப்பிட் ஏ-வுக்கு இந்த ஆறாவது வால் கிடையாது. ஐந்து வால் கொண்டவையும் நான்கு வால் கொண்டவையும் கலந்து வருகின்றன. பாஸ்பேட்டுகளையும் கிருமியே தன் நொதிகளால் கழற்றிவிடுகிறது. ஐந்து வால் வடிவம் மனித டி.எல்.ஆர்.4-ஐ லேசாகத் தூண்டும். நான்கு வால் வடிவம் பைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, தானும் தூண்டாமல், ஈ. கோலை எல்.பி.எஸ். வந்தாலும் இடம் விடாமல் தடுக்கும். எந்த வடிவம் எவ்வளவு என்பது கிருமி வளர்ந்த சூழலைப் பொறுத்தது. மீடியத்தில் ஹீமின் என்ற இரும்புச் சேர்மம் அதிகமானால் நான்கு வால் பக்கம் சாயும், குறைந்தால் ஐந்து வால் பக்கம் சாயும். ஈறில் ரத்தம் கசிந்தால் கிருமிக்கு ஹீமின் கிடைக்கும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அழற்சி கூடக்கூடத் தன்னைக் காட்டிக்கொடுக்காத உடையை மாட்டிக்கொள்ளத் தெரிந்த கிருமி இது.

ஆகவே கல்லூரி ஆய்வகத்திலேயே கிருமியை வளர்த்து, ஃபீனால்-தண்ணீர் முறையில் எல்.பி.எஸ். பிரித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஹீமின் அளவை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வைத்தாக வேண்டும். இல்லையென்றால் ஜனவரியில் எடுத்ததும் ஜூனில் எடுத்ததும் வெவ்வேறு பொருள். காசு கொடுத்து வாங்குவதன் முக்கிய லாபம் இந்தச் சீர்மைதான்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஏற்பிச் சோதனையில் தேறிய குப்பி எந்த ஏற்பியைத் தூண்டும் என்பது நமக்குத் தெரியும். அதில் ஐந்து வால் எத்தனை பங்கு, நான்கு வால் எத்தனை பங்கு என்பது அந்தச் சோதனையில் தெரியாது. அது வேண்டுமென்றால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிதான் வழி. லாட் எண் மாறினால் பழைய லாட்டையும் புதியதையும் ஒரே பிளேட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். பழையது தீர்ந்த பிறகு யோசித்துப் பயனில்லை.

டி.எல்.ஆர்.2 குழப்பம் எங்கிருந்து வந்தது

டி.எல்.ஆர்.2 என்பது டி.எல்.ஆர்.4-இன் குடும்பத்து இன்னொரு ஏற்பி. பழைய கட்டுரைகளைப் புரட்டினால், "மற்ற கிருமிகளின் எல்.பி.எஸ். டி.எல்.ஆர்.4 வழியாக, பி. ஜிஞ்சிவாலிஸின் எல்.பி.எஸ். டி.எல்.ஆர்.2 வழியாக" என்று அடித்துச் சொல்லியிருப்பார்கள். பாடப்புத்தகத்திலும் அது ஏறிவிட்டது. சந்தேகத்துக்கு வித்திட்டது 2000-இல் ஹிர்ஷ்ஃபெல்டும் சகாக்களும் செய்த வேலை. சாதாரண எல்.பி.எஸ்.-ஐ டீஆக்சிகோலேட், ட்ரைஎதிலமீன் சேர்த்து ஃபீனாலில் மறுபடி கழுவினார்கள். டி.எல்.ஆர்.2-ஐத் தூண்டும் தன்மை போய்விட்டது, டி.எல்.ஆர்.4-ஐத் தூண்டுவது மட்டும் நின்றது. கூடவே ஒட்டிக்கொண்டு வந்த லிப்போபுரதங்கள், அதாவது கொழுப்பு ஒட்டிய புரதங்கள்தான் டி.எல்.ஆர்.2 வேலையைச் செய்துகொண்டிருந்தன.

பி. ஜிஞ்சிவாலிஸ் விஷயத்தில் 2004, 2005 ஆண்டுகளில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை இன்னும் இறுக்கினார்கள். பி.ஜி.1828 என்ற லிப்போபுரதத்தை எல்.பி.எஸ். கலவையிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். அந்த மரபணு இல்லாத கிருமியிலிருந்து எடுத்த எல்.பி.எஸ்.-இல் டி.எல்.ஆர்.2 தூண்டல் வெகுவாகக் குறைந்தது. எதிர்த்தரப்பில் டார்வோவின் குழு, லிப்பிட் ஏ வடிவங்களே இரண்டு ஏற்பிகளோடும் பேசுகின்றன என்று 2004-இல் எழுதியிருந்தது. 2013-இல் அதே குழு, லிப்போபுரத லைப்பேஸ் நொதியால் சிதையும் மூலக்கூறுகள்தான் டி.எல்.ஆர்.2 தூண்டலுக்குக் காரணம் என்று வெளியிட்டது. தன் பழைய முடிவைத் தானே திரும்பிப் பார்க்கிற ஆய்வுக்குழு மரியாதைக்குரியது.

இனி இரண்டு குப்பிகளுக்கு வருவோம். சாதாத் தரம் டி.எல்.ஆர்.2, டி.எல்.ஆர்.4 இரண்டையும் தூண்டும் என்று விற்பவரே சொல்லித்தான் விற்கிறார், மறைப்பு எதுவும் இல்லை. அல்ட்ராப்யூர் மறுகழுவல் செய்யப்பட்டது, டி.எல்.ஆர்.4-ஐ மட்டும் தூண்டும். வாயில் ஈறைத் தொடுவது முழுக் கிருமியும் அது உதிர்க்கும் சவ்வுக் குமிழிகளும்தான். அவற்றில் லிப்போபுரதம், ஃபிம்ப்ரியே எல்லாம் உண்டு. நிஜத்துக்கு நெருங்கியது சாதாத் தரம், கேள்வியைப் பிரித்துக் கேட்க உதவுவது அல்ட்ராப்யூர். ஒன்றை நல்லது என்றும் மற்றதைக் கெட்டது என்றும் பிரிக்காதீர்கள்.

கரைக்கும்போதே பாதி ஆய்வு கெடும்

குப்பியைத் திறந்தால் அடியிலோ சுவரிலோ மெல்லிய வெள்ளைப் படலம் தெரியும். சில நேரம் அதுகூடத் தெரியாது. காலி என்று பயப்பட வேண்டாம். மூடியைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் மெதுவாகச் சுழற்றி, மூடியில் ஒட்டியதைக் கீழே இறக்குங்கள். 1 மில்லிகிராம் இருந்தால் எண்டோடாக்சின் (கிருமிகளின் எல்.பி.எஸ்.-க்கு இன்னொரு பெயர்) இல்லாத தண்ணீர் 1 மில்லி விடுங்கள். அதுவே மில்லிக்கு 1 மில்லிகிராம் ஸ்டாக். ஆய்வகத்து மில்லி-க்யூ தண்ணீர் இதற்கு ஆகாது. குழாய்க்குள் படிந்த கிருமிப் படலத்திலிருந்து எண்டோடாக்சின் கசியும், ஆட்டோகிளேவில் வைத்தாலும் அது சாகாது. கண்ணாடிப் பாத்திரமானால் 250 டிகிரி உலர் சூட்டில் 30 நிமிடம் வைத்தால்தான் எண்டோடாக்சின் அழியும்.

தண்ணீர் விட்டதும் வோர்டெக்ஸ் போடுங்கள். லேசான பால் நிறம், ஓரத்தில் நுரை. சோப்பு மாதிரி வால்களை உள்ளே மடக்கிக்கொண்டு கட்டிகளாக நிற்கும் பொருள் இது. தெளிவாகிவிட்டது என்று கண் சொன்னாலும் கட்டி உடைந்திருக்காது. தண்ணீர்த் தொட்டி சோனிகேட்டரில் சில நிமிடம் வைத்து, எடுத்து மறுபடி வோர்டெக்ஸ் போட்டு, உடனே 20 முதல் 50 மைக்ரோலிட்டராகப் பங்கிட்டு மைனஸ் 20-இல் போடுங்கள். ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஒவ்வொரு உறைவிலும் கட்டி கூடும்; கட்டி கூடினால் ஏற்பிக்குக் கிடைக்கும் அளவு குறையும். "போன மாதம் வேலை செய்தது, இந்த மாதம் செய்யவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இது.

இன்னொரு தொல்லை, எல்.பி.எஸ். பிளாஸ்டிக்கில் ஒட்டும். மிகவும் நீர்த்த கரைசலைச் செய்துவைத்து நாள் கணக்கில் பயன்படுத்தினால், கடைசியில் செல்லுக்குப் போவது வெறும் மீடியம். ஸ்டாக்கைக் கெட்டியாக வைத்து, செல்லில் போடுகிற அன்று, போடுகிற வேளையில், சீரம் உள்ள மீடியத்தில் நீர்க்கச் செய்யுங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு. 24 வெல் பிளேட்டில் வெல்லுக்கு அரை மில்லி, மில்லிக்கு 1 மைக்ரோகிராம் என்றால் வெல்லுக்கு அரை மைக்ரோகிராம் ஆகும். 1 மில்லிகிராம் 2,000 வெல்லுக்கு வரும். மில்லிக்கு 10 மைக்ரோகிராம் போட்டால் 200 வெல்தான். ஈறு செல்லுக்கு 100 நானோகிராம், 1 மைக்ரோகிராம், 10 மைக்ரோகிராம் என மூன்று படியாவது ஓட்டிப் பார்க்காமல் ஒரே அளவில் முடிவு எழுதாதீர்கள்.

பெரிய அளவு போடும்போது கூடவே ஓர் ஆபத்து வரும். மில்லிக்கு 10 மைக்ரோகிராம் என்பது 10,000 நானோகிராம். அதில் 0.01 சதவீதம் ஈ. கோலை எல்.பி.எஸ். கலந்திருந்தாலும் 1 நானோகிராம் ஆகிவிடும். டி.எல்.ஆர்.4 உள்ள செல்லை எழுப்ப அதுவே போதும். அப்போது நீங்கள் அளப்பது பி. ஜிஞ்சிவாலிஸை அல்ல, கைதவறி விழுந்த ஈ. கோலையை. எல்.பி.எஸ்.-ஐ முடக்கும் பாலிமிக்ஸின் பி போட்டு இதைச் சோதித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பாஸ்பேட்டைப் பிடித்துத்தான் லிப்பிட் ஏ-வோடு ஒட்டும். பாஸ்பேட் குறைந்த பி. ஜிஞ்சிவாலிஸ் அதற்குச் சரியாக மசியாது. அதனால் "பாலிமிக்ஸின் போட்டும் அடங்கவில்லை, ஆகவே இது எல்.பி.எஸ். வேலை இல்லை" என்று எழுதுவது தவறு.

நிறம் மாறும் செல்கள்

குப்பி சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க அதே நிறுவனத்தின் ஹெக்-ப்ளூ செல்கள் உதவும். ஹெக்293 என்ற மனிதச் செல்லில் டி.எல்.ஆர்.2-ஐயோ டி.எல்.ஆர்.4-ஐயோ ஏற்றியிருப்பார்கள். கூடவே என்.எஃப்.-கப்பா-பி என்ற அழற்சி விசை தூண்டினால் சுரக்கும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியும் இருக்கும். டி.எல்.ஆர்.4 செல்லில் எம்.டி.-2, எல்.பி.எஸ்.-ஐ ஏற்பியிடம் சேர்க்கும் சி.டி.14 என்ற புரதம் இரண்டையும் சேர்த்தே ஏற்றியிருக்கிறார்கள். அது ரொம்ப முக்கியம். ஏன் என்று கீழே வருகிறது.

96 வெல் பிளேட்டில் 20 மைக்ரோலிட்டர் மாதிரியை முதலில் விட்டு, அதன்மேல் 180 மைக்ரோலிட்டர் செல் கலவை விடுவது வழக்கம். டி.எல்.ஆர்.4 செல் வெல்லுக்கு சுமார் 25,000, டி.எல்.ஆர்.2 செல் சுமார் 50,000. ஓர் இரவு கழித்து மேல்நீர் (செல்லின் மேல் நிற்கும் மீடியம்) 20 மைக்ரோலிட்டரை 180 மைக்ரோலிட்டர் குவான்டி-ப்ளூ கரைசலில் சேர்த்து 37 டிகிரியில் வையுங்கள். இளஞ்சிவப்பாகக் கிடக்கும் வெல்கள், தூண்டப்பட்டிருந்தால், கால் மணி நேரத்திலேயே ஊதாவாகி நீலமாகும். 620 முதல் 655 நானோமீட்டரில் படியுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் விட்டால் பின்னணியும் நீலம் பூசத் தொடங்கும், வித்தியாசம் மங்கிவிடும்.

சாதாத் தரம் இரண்டு செல்லிலும் நீலம் காட்டும். அல்ட்ராப்யூர் டி.எல்.ஆர்.4-இல் மட்டும் காட்ட வேண்டும். டி.எல்.ஆர்.2 வரிசையில் லேசாக ஊதா படிந்தாலும் குப்பியை ஏற்பிக் கேள்விக்குப் பயன்படுத்தாதீர்கள். பிளேட்டில் இவையும் இருக்க வேண்டும்: டி.எல்.ஆர்.2-க்கு அதைத் தூண்டும் செயற்கைப் பொருளான பாம்3சிஎஸ்கே4, மில்லிக்கு 100 நானோகிராம், டி.எல்.ஆர்.4-க்கு ஈ. கோலை அல்ட்ராப்யூர் எல்.பி.எஸ்.; கரைக்கப் பயன்படுத்திய அதே தண்ணீர்; எந்த டி.எல்.ஆரும் ஏற்றாத நல் (null) செல். கடைசியதைப் பலர் வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். ஹெக்293-இல் இயல்பாகவே டி.எல்.ஆர்.3, டி.எல்.ஆர்.5, நாட்1 ஏற்பிகள் உண்டு. கசையிழை உள்ள கிருமியையோ முழுக் கிருமிச் சாற்றையோ போட்டால் அந்த வழியாகவும் நீலம் வரும். நல் செல் இல்லாமல் அதைப் பிரித்தறிய முடியாது.

செல்களை வளர்ப்பதில் சில கட்டுப்பாடுகள். ட்ரிப்சின் போட்டுப் பெயர்க்காதீர்கள், மேற்பரப்பு ஏற்பியும் சி.டி.14-உம் வெட்டுப்படும், வெதுவெதுப்பான பி.பி.எஸ்.-இல் சற்று ஊறவைத்துப் பிளாஸ்கைத் தட்டினாலே கழன்றுவிடும். 80 சதவீதத்துக்கு மேல் அடர விடாதீர்கள். சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். உரிமக் கட்டுப்பாடு உள்ள செல் என்பதால் பக்கத்துக் கல்லூரிக்குக் கைமாற்றாகக் கொடுக்க இயலாது. கட்டணமும் காகிதங்களும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் தனித்தனிதான்.

குறை ஒன்று உண்டு. உயிருள்ள பி. ஜிஞ்சிவாலிஸையோ அதன் மேல்நீரையோ இந்த முறையில் சோதிப்பது சிக்கல். அந்தக் கிருமிக்கே வலுவான ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் இருக்கிறது. செல்லே இல்லாத வெல்லிலும் நீலம் வரும். செல் இல்லாமல் கிருமி மட்டும் போட்ட வெல்லை வைத்துக் கழித்துப் பாருங்கள். அந்த வெல்லே அடர்நீலமானால் இந்த முறையை விட்டுவிட்டு லூசிஃபெரேஸ் முறைக்குப் போங்கள்.

ஈறு செல்லில் ஏன் "ஒன்றும் நடக்கவில்லை"

குப்பியைக் குறை சொல்லும் புகார்களில் பெரும்பகுதி உண்மையில் செல்லின் கதை.

ஈறின் மேற்புறத்து எபிதீலியச் செல்களை எடுத்துக்கொள்வோம். டி.எல்.ஆர்.2, நாட்1, நாட்2 எல்லாம் அவற்றில் இருக்கின்றன. டி.எல்.ஆர்.4-உம் உண்டு. ஆனால் அதற்குத் துணை நிற்கும் சி.டி.14, எம்.டி.-2 பல நேரம் சொற்பம். கதவு இருக்கிறது, கைப்பிடி இல்லை. நாள் முழுக்கக் கிருமியோடு உரசிக்கொண்டிருக்கும் செல் ஒவ்வோர் எல்.பி.எஸ். துணுக்குக்கும் கூச்சல் போட்டால் ஈறு தாங்காது. அந்த அடக்கம் காரணத்தோடுதான் இருக்கிறது. இதற்கு மேல், இந்த எபிதீலியச் செல்களை (கெரட்டினோசைட்) வளர்க்கும் மீடியம் பெரும்பாலும் சீரம் இல்லாதது. எல்.பி.எஸ்.-ஐக் கட்டியிலிருந்து பிரித்தெடுக்கும் எல்.பி.பி. புரதமும், சி.டி.14-இன் கரையும் வடிவமும் சீரத்திலிருந்துதான் வர வேண்டும். சில மீடியங்களில் ஹைட்ரோகார்டிசோன் வேறு இருக்கும். அழற்சியை அடக்கும் மருந்தை ஊற்றிவிட்டு அழற்சி வரவில்லையே என்று தேடுவது எப்படி?

சாயம் போகாத முடிவு வேண்டுமென்றால் தூண்டலுக்கு முந்தைய நாளே ஹைட்ரோகார்டிசோன் இல்லாத மீடியத்துக்கு மாற்றுங்கள். தூண்டும்போது 1 முதல் 2 சதவீதம் சீரம் சேருங்கள். சீரத்தில் உள்ள கால்சியம் கெரட்டினோசைட்டை முதிர்ச்சிக்குத் தள்ளும் என்பதால் சீரம் மட்டும் போட்ட கன்ட்ரோல் கட்டாயம். டி.ஐ.ஜி.கே. என்ற அழியாத ஈறுக் கெரட்டினோசைட் வரிசையைப் பயன்படுத்துபவர்களுக்கும் இது பொருந்தும். அதே செல்லில் பாம்3சிஎஸ்கே4-க்கு நல்ல பதில் வந்து அல்ட்ராப்யூருக்கு வரவில்லையென்றால், குப்பி பழுது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். அந்தச் செல்லின் இயல்பு அப்படியும் இருக்கும். ஹெக்-ப்ளூ பிளேட் அதை உறுதிசெய்யும்.

ஈறின் உள்திசுச் செல்லான ஃபைப்ரோபிளாஸ்ட் வேறு ரகம். டி.எல்.ஆர்.4 வழியாக நன்றாகவே பதில் சொல்லும், ஆனால் ஆளுக்கு ஆள் சி.டி.14 அளவு மாறும். ஒருவர் ஈறிலிருந்து வந்த செல் இன்டர்லூக்கின்-8 என்ற அழற்சிப் புரதத்தைக் கொட்டும், இன்னொருவருடையது கம்மென்று இருக்கும். இன்டர்ஃபெரான் காமாவில் முன்கூட்டி ஊறவைத்தால் சி.டி.14 கூடி, இன்டர்லூக்கின்-8 சுரப்பும் ஏறுவதை 2002-இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆகவே குறைந்தது மூன்று பேரின் திசு, மூன்றாவது முதல் ஏழாவது பாசேஜுக்குள், ஒவ்வொருவருக்கும் தனிக் கன்ட்ரோல். எல்லார் செல்லையும் ஒன்றாகக் கலந்துவிட்டு சராசரி எடுத்தால் இந்த வித்தியாசம் புதைந்துபோகும்.

எலி மேக்ரோஃபேஜ் வரிசையில் சோதித்துவிட்டு மனித ஈறுக்கு முடிவு எழுதுவோரும் உண்டு. எலியின் டி.எல்.ஆர்.4-உம் எம்.டி.-2-உம் வால் குறைந்த லிப்பிட் ஏ-வுக்கும் தாராளமாகப் பதில் சொல்லும். மனிதச் செல்லில் தடையாக நிற்கும் நான்கு வால் வடிவம் எலியில் தூண்டியாகவும் ஆகலாம். இந்தக் கிருமியைப் பொறுத்தவரை எலிச் செல் மனித ஈறுக்குப் பிரதிநிதி அல்ல.

வாயிலிருந்து எடுத்த திசுவில் மைக்கோபிளாஸ்மா அதிகம் தொற்றும். அதன் லிப்போபுரதம் டி.எல்.ஆர்.2-ஐத் தூண்டிக்கொண்டே இருக்கும். ஒன்றுமே போடாத வெல்லிலும் இன்டர்லூக்கின்-8 உயரும், எல்.பி.எஸ்.-இன் பங்கு தெரியாமல் போகும். வளர்ப்பு தொடங்கியதும் ஒருமுறை, உறைய வைக்கும் முன் ஒருமுறை பி.சி.ஆர். செய்துவிடுங்கள்.

அளப்பதும் தடுப்பதும்

எம்.ஆர்.என்.ஏ. பார்ப்பதென்றால் 2 முதல் 6 மணி நேரம், புரதம் பார்ப்பதென்றால் 24 மணி நேரம். ஃபைப்ரோபிளாஸ்ட் மேல்நீரில் இன்டர்லூக்கின்-8 எலைசா அளவுச் சோதனையின் உச்சியை மிக எளிதாகத் தாண்டும். 10 மடங்கு, 100 மடங்கு நீர்க்கச்செய்து இரண்டையும் ஓட்டுங்கள்.

டி.எல்.ஆர்.4 பங்கைக் கழிக்க டாக்-242 மருந்து நன்றாக வேலை செய்யும். 1 மைக்ரோமோலார், ஒரு மணி நேரம் முன்னதாக, அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. கன்ட்ரோலோடு. டி.எல்.ஆர்.2-க்குத் தடுப்பு ஆன்டிபாடி, கூடவே கன்ட்ரோலாக அதே வகை ஐசோடைப். சாதாக் குப்பியில் டாக்-242 போட்டும் பாதிப் பதில் மிஞ்சினால் அது மருந்தின் தோல்வி இல்லை; டி.எல்.ஆர்.2 தன் பங்கைச் செய்கிறது.

எல்.பி.எஸ்.-இலிருந்து உயிருள்ள கிருமிக்குப் போகும்போது முடிவு தலைகீழாகலாம். எல்.பி.எஸ். போட்டால் ஏறிய இன்டர்லூக்கின்-8, உயிருள்ள பி. ஜிஞ்சிவாலிஸ் போட்டால் எபிதீலியச் செல்லில் இறங்கும். இதற்கு இரண்டு காரணம். கிருமியே செல்லுக்குள் போய் அந்த சுரப்பை அமுக்குகிறது. தவிர, அதன் ஜிஞ்சிபெய்ன் நொதிகள் ஆர்ஜினின், லைசின் இருக்கும் இடங்களில் புரதத்தை வெட்டும். சுரந்த சைட்டோகைனையும் செல்மேல் இருக்கும் சி.டி.14-ஐயும் நறுக்கிவிடும். எலைசாவில் குறைவு என்று வருவது சுரக்காததாலா, சுரந்தது வெட்டுப்பட்டதாலா என்று எம்.ஆர்.என்.ஏ.-வைப் பக்கத்தில் வைக்காமல் சொல்ல முடியாது. மேல்நீரை எடுத்த கணமே நொதித் தடுப்பான்களான லியூபெப்டினும் டி.எல்.சி.கே.-யும் சேர்த்துக் குளிரில் வையுங்கள். அந்த நொதிகள் சேமிப்புக் குழாயிலும் வெட்டிக்கொண்டே இருக்கும்.

எதை முதலில் ஆர்டர் போடுவது

பணம் கட்டுப்படியாகும் ஆய்வகம் என்றால்: அல்ட்ராப்யூர் ஒரு குப்பி, சாதா ஒரு குப்பி, பாம்3சிஎஸ்கே4, ஈ. கோலை அல்ட்ராப்யூர், டாக்-242. ஹெக்-ப்ளூ செல்லை, ஏற்பியே ஆய்வின் மையமாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்; அப்போது நல் செல்லோடு சேர்த்து. உலர்பனியில் வரும் செல் பெட்டி வெள்ளிக்கிழமை மாலை வந்து வாசலில் உட்காராதபடி வாரத்தின் முதல் பாதியில் வரச் சொல்லுங்கள். வந்த அன்றே திரவ நைட்ரஜனுக்கோ பிளாஸ்குக்கோ போக வேண்டும்.

கை இறுக்கமாக இருந்தால் அல்ட்ராப்யூரும் பாம்3சிஎஸ்கே4-உம் போதும். டி.எல்.ஆர்.4-க்கு ஒன்று, டி.எல்.ஆர்.2-க்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டு, பிறகு இரண்டையும் ஒரே வெல்லில் சேர்த்தும் பாருங்கள். சாதாக் குப்பி தரும் கலவைப் பதிலை அளவு தெரிந்த இரண்டு பொருளைக் கொண்டு நீங்களே கட்டிப் பார்த்ததுபோல் ஆகும்.

மருந்துச் சோதனை மட்டும் செய்யும் எம்.டி.எஸ். ஆய்வுக்குச் சாதாக் குப்பியே சரி. மஞ்சளோ வேம்போ எதைச் சோதித்தாலும், அந்தச் சாற்றில் எண்டோடாக்சின் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். செடிச் சாற்றில் அது சர்வசாதாரணம், சாற்றை மட்டும் போட்ட வெல்லிலேயே இன்டர்லூக்கின்-8 ஏறினால் தெரிந்துவிடும்.